பள்ளிச் செவிலியராக ஐந்து மாதம்: பக்கத்தில் கேட்க ஆளில்லாத அறையில் எப்படி முடிவெடுப்பது?

கேள்வி
எழுதியவர்: புதுச்செவிலி

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, செவிலியர் குழுமத்தின் பதிவெண் வந்த கையோடு கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் செவிலியராகச் சேர்ந்தேன். ஐந்து மாதங்கள் ஆகின்றன. எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை சுமார் 1,400 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு நான் ஒருத்திதான் செவிலியர். மருத்துவர் மாதத்தில் ஒரு நாள் வந்து போவார். படிக்கும் காலத்தில் வார்டில் நின்றபோது எந்தச் சந்தேகம் வந்தாலும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஓடிப்போய்க் கேட்டுவிடலாம். அவர் இல்லையென்றால் டியூட்டி டாக்டர் இருப்பார். யாருமே இல்லையென்றாலும் கேஸ் ஷீட்டில் முந்தைய ஷிஃப்டில் இருந்தவர் எழுதிவைத்த நாலு வரியாவது இருக்கும். இங்கே சிக் ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பிள்ளை உள்ளே வந்தால், அதை வகுப்புக்குத் திருப்பி அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா, மருத்துவமனைக்குக் கொண்டுபோவதா என்பதை அந்தச் சில நிமிடங்களுக்குள் நானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். சிராய்ப்பு, மூக்கில் இரத்தம், காலை அசெம்பிளியில் மயக்கம், மாதவிடாய் வலி, வேன் பயணத்தில் வாந்தி, நண்பனோடு சண்டை போட்டதால் வந்த தலைவலி என்று எல்லாமும் வரும். இதில் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் சென்ற மாதம் நடந்த ஒன்று மனத்தை விட்டு நீங்க மறுக்கிறது. அதை எழுதிவிட்டுத்தான் கேள்விக்கு வர முடியும்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாம் பீரியடில் வயிற்றுவலி என்று வந்தான். அன்றைக்கு அவனுக்குக் கணக்கு டெஸ்ட். அதற்கு முந்தைய வாரமும் இரண்டு முறை வயிற்றுவலி என்று வந்தவன். அழைத்துவந்த ஆசிரியை, டெஸ்ட் நாளென்றால் இவனுக்கு வயிறு வலிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். வெப்பநிலை பார்த்தேன், 99.4 இருந்தது. காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டேன், பிடிக்கவில்லை என்றான். வெந்நீர் கொடுத்து இருபது நிமிடம் படுக்கவைத்தேன், பிறகு, இப்போது பரவாயில்லையா என்று கேட்டபோது தலையை ஆட்டினான், வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். சிக் ரூம் வாசலில் ஒரே ஒரு படி இருக்கிறது. அந்தப் படியில் இறங்கும்போது அவன் வலது கையை இடுப்புக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு, இடது கையால் நிலைக்கதவைப் பிடித்து, கொஞ்சம் குனிந்தபடி ஒவ்வொரு காலாக மெல்ல எடுத்து வைத்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தது மனத்தில் பதிந்தது; ஆனால் அதற்குப் பொருள் என்ன என்பது எனக்கு உறைக்கவில்லை.

அன்றிரவு அவனுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாகப் பிழைத்துக்கொண்டான். இரண்டு வாரம் கழித்து அவனைப் பள்ளியில் விட வந்த அவனுடைய அப்பா சிக் ரூமுக்கு வந்து, கோபமே இல்லாத குரலில், “சிஸ்டர், அன்றைக்கு அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு இரண்டு வாரமாக வயிற்றுவலி என்று வருகிற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போன் செய்கிறேன். பெற்றோர் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, இதற்கா கூப்பிட்டீர்கள் என்று அலுத்துக்கொள்கிறார்கள். அலுவலகத்திலிருந்தும் சொல்லிவிட்டார்கள். மாத்திரை விஷயத்திலும் இதே இழுபறிதான்: ஒரு பாராசிட்டமால் கொடுத்து உட்காரவைக்கக் கூடாதா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள்; யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். இதற்கிடையே ஆசிரியர் வராத நாளில் வகுப்பில் போய் உட்காரவும், வரவேற்பறையில் போன் எடுக்கவும் அனுப்புகிறார்கள்; அந்த நேரத்தில் சிக் ரூம் பூட்டிக் கிடக்கிறது.

பள்ளியில் நீண்ட காலம் வேலை பார்த்த அக்காக்கள், அண்ணன்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள். தனியாக முடிவெடுக்க நீங்கள் எப்படிப் பழகினீர்கள்? அல்லது இரண்டு மூன்று வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்திருக்க வேண்டுமா?


பதில் 1
எழுதியவர்: மலைப்பள்ளி நர்ஸ்

தங்கைக்கு வணக்கம். நீலகிரியில் ஒரு விடுதிப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை அனுபவம் இருந்தால் நல்லதுதான். எனக்குக் குழந்தைகள் வார்டில் இரண்டு வருட அனுபவம் இருந்தது. ஆனாலும் பள்ளியில் முதல் வருடம் நானும் உங்களைப் போலத்தான் தடுமாறினேன். வார்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லாருமே நோயாளிகள். அவர்களில் யாருக்கு மோசமாகிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. பள்ளியில் நல்ல உடல்நிலையில் உள்ள நாற்பது பேருக்கு நடுவே உண்மையான நோயாளி ஒருவன் நடந்து வருவான். அவனைக் கண்டெடுப்பது வேறு வித்தை, அதைப் பள்ளியில் இருந்துதான் கற்க முடியும்.

அந்தப் பையன் படியில் இறங்கியதை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், கண் இருக்கிறது, அதற்கு ஒரு முறைதான் தேவைப்படுகிறது என்று தெரிகிறது. வயிற்றுவலி என்று வருகிற பிள்ளையிடம் நான் தவறாமல் செய்வதைச் சொல்கிறேன். அவன் நடந்து வருவதைப் பார்ப்பேன். கட்டிலில் தானாக ஏறச் சொல்வேன். எங்கே வலிக்கிறது என்று ஒரே விரலால் காட்டச் சொல்வேன்; தொப்புளைச் சுற்றி உள்ளங்கையால் தடவிக் காட்டும் வலிக்கும், வலப்பக்க அடிவயிற்றில் விரலை வைத்து ஓரிடத்தைக் காட்டும் வலிக்கும் வேறுபாடு உண்டு. தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கியதா, சாப்பாடு பிடிக்காமல் போனதா, வாந்தி வந்ததா என்று கேட்பேன். முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, வலி இல்லாத பக்கத்திலிருந்து தொடங்கி வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்ப்பேன்; தொடும்போது பிள்ளையின் வயிற்றை அல்ல, முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசியாக, கீழே இறங்கி நொண்டியடிக்கச் சொல்வேன். குடல்வால் அழற்சி இருந்தால் குதித்துக் கால் ஊன்றும்போது அடிவயிற்றில் சுரீர் என்று இழுக்கும். பிள்ளை இரண்டாம் தடவை குதிக்க மாட்டான். நன்றாகக் குதித்துவிட்டதால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குதிக்க மறுக்கும் பிள்ளை என் அறையிலிருந்து வகுப்புக்குப் போவதில்லை. அவனுக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், நேராக மருத்துவரிடம் அனுப்புவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நர்சிங் கல்லூரியில் இதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. பதின்வயதுப் பையன்கள் வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு வரும்போது, சில சமயம் வலி விதைப்பையில் இருக்கும். பெண் செவிலியரிடம் சொல்லக் கூச்சப்பட்டு வயிறு என்பார்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். ஆகவே திரையை இழுத்துவிட்டு, கீழே எங்கேயாவது வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று சாதாரணமாக, தலை வலிக்கிறதா என்று கேட்கும் அதே குரலில் கேளுங்கள். ஆம் என்றால் நீங்கள் பரிசோதிக்க வேண்டியதில்லை, வண்டியைக் கூப்பிடுங்கள்.

டெஸ்ட் விஷயம் பற்றி. போன வாரமும் இரண்டு முறை வந்தான் என்பதை அவன் நடிக்கிறான் என்பதற்குச் சான்றாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அழைத்துவந்த ஆசிரியை அப்படி உங்கள் மனத்தில் விதைத்துவிட்டார். என் கணக்கு நேர்மாறானது. ஒரே நாளில் இரண்டாம் முறை வந்தால் வீட்டுக்குப் போன்; ஒரே வாரத்தில் மூன்றாம் முறை அதே வலியோடு வந்தால், டெஸ்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம். டெஸ்டுக்குப் பயந்து நிஜமாகவே வயிறு வலிக்கும் பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கும் அந்தக் கடிதம் வேண்டியதுதான். இப்படி ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பும் அச்சமும் குறையும், கேள்வி கேட்பவர்களுக்குக் காட்டவும் ஒன்று இருக்கும்.

மருந்து பற்றி: மருந்து எழுதும் அதிகாரம் நமக்கு இல்லை. மாதம் ஒரு நாள் வரும் அந்த மருத்துவரிடம் உட்கார்ந்து ஸ்டாண்டிங் ஆர்டர் எழுதி வாங்குங்கள். எந்த நிலைக்கு எந்த மருந்து, கிலோவுக்கு எவ்வளவு, ஒரு நாளில் எத்தனை முறை, எப்போது கொடுக்கவே கூடாது என்று எழுதி, அவர் கையெழுத்தும் தேதியும் வேண்டும். கூடவே சேர்க்கைப் படிவத்தோடு பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும், ஒவ்வாமை விவரமும். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதாகவும் வரும், 250 மில்லிகிராம் உள்ளதாகவும் வரும். என் இரண்டாம் வருடத்தில் இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில், ஒரே நிறத்து மூடியோடு இருந்தன. ஒரு சின்னப் பிள்ளைக்கு ஊற்றிவிட்டு, மூடியைத் திருகும்போதுதான் லேபிளைப் படித்தேன். உடனே மருத்துவருக்குப் போன் செய்து, அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஒரே அளவு சிரப் மட்டும்தான் வாங்குகிறேன், எடை பார்க்காமல் மூடியைத் திறப்பதில்லை.

தொற்று நோய்களில் உங்களுக்குப் பெற்றோரோடு வாக்குவாதம் வரும். சின்னம்மை வந்த பிள்ளையை, மூன்று தண்ணீர் ஊற்றியாயிற்று சிஸ்டர் என்று சொல்லி அழைத்துவருவார்கள். வேப்பிலையையோ தண்ணீர் ஊற்றுவதையோ குறைத்துப் பேச வேண்டாம். அது அவர்கள் வீட்டு வழக்கம். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டதா என்று சட்டையைத் தூக்கி முதுகைப் பாருங்கள், ஈரமான கொப்புளம் ஒன்று இருந்தாலும் காட்டி விளக்கித் திருப்பி அனுப்புங்கள். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள். வலிப்பு வந்தால் வாட்ச்மேனோ ஓட்டுநரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்க ஓடிவருவார். அவரைத் திட்டாதீர்கள், உதவ வந்தவர் அவர். மேசை நாற்காலிகளை நகர்த்தும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, முதன்முறையாக வந்த வலிப்பாக இருந்தாலோ 108.


பதில் 2
எழுதியவர்: ஆறாம் வகுப்பு அம்மா

நான் செவிலியர் அல்ல. என் மகளுக்கு எட்டு வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. நாள்தோறும் நான்கு முறை இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்தபோது எங்கள் பழைய பள்ளியில் இருந்த சிஸ்டரை நினைத்துக்கொண்டேன். அவரும் படித்து முடித்து நேராக வந்தவர்தான். முதல் நாள் அவர் என்னிடம், “எனக்கு இதுவரை பள்ளியில் ஒரு நீரிழிவுக் குழந்தையைப் பார்த்த அனுபவம் இல்லை, நீங்கள் சொல்லிக்கொடுங்கள் அம்மா, நான் எழுதிக்கொள்கிறேன்” என்று சொன்னார். தெரியாததை மறைக்காத அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மகளை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போக முடிந்தது.

அவர் எழுதிவைத்ததை உங்களுக்கும் சொல்கிறேன், உங்கள் 1,400 பிள்ளைகளில் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். கை நடுங்குகிறது, வியர்க்கிறது, திடீரென்று எரிச்சலாகப் பேசுகிறாள் என்றால் உடனே சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பினால் சர்க்கரை ஏறத் தாமதமாகும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, சர்க்கரை இறங்கியிருக்கும் பிள்ளையைச் சிக் ரூமுக்குத் தனியாக நடந்துவரச் சொல்லக் கூடாது என்பது. எங்கள் சிஸ்டர் குளுக்கோஸ் டப்பாவை வகுப்பு ஆசிரியை மேசையிலும், விளையாட்டு ஆசிரியரின் பையிலும் ஒவ்வொன்று வைத்தார். சி.பி.எஸ்.இ. 2017-இலேயே பொதுத்தேர்வு அறைக்குள் இந்தப் பிள்ளைகள் சர்க்கரை மாத்திரையும் தின்பண்டமும் கொண்டுபோக அனுமதித்துவிட்டது. அப்படியிருக்க, சாதாரண வகுப்பில் ஒரு பிஸ்கட் தின்றதற்காக என் மகளை எழுப்பி நிற்கவைத்த ஆசிரியரிடம் போய்ப் பேசியதும் அவர்தான். நான் பேசியிருந்தால் அது சண்டையாகியிருக்கும்.

அந்தப் பையனின் அப்பா உங்களை மட்டந்தட்டுவதற்காக அப்படிக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். எங்கள் மகளுக்கு நோயைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. யார் யார் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்று நானும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தேன். பெற்றவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது. முடிந்தால் அவரை ஒருமுறை கூப்பிட்டு, இப்போது தொட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.


பதில் 3
எழுதியவர்: சமூகநலச் செவிலியம்

நர்சிங் கல்லூரி ஒன்றில் சமூகநலச் செவிலியப் பாடம் எடுக்கிறேன். மலைப்பள்ளி சகோதரி சொன்ன சிகிச்சை முறைகளில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. தனிமை என்று நீங்கள் சொல்வது பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பள்ளிச் சுகாதாரம் என்ற பாடத்தில் 1909-இல் பரோடாவில் நடந்த மாணவர் மருத்துவப் பரிசோதனையையும், 1960-இல் அமைக்கப்பட்ட ரேணுகா ராய் குழுவையும் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். நீங்களும் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். வகுப்பில் நான் அதிக நேரம் நின்று பேசுவது 1902-இல் நியூயார்க்கில் நடந்ததைப் பற்றித்தான். அங்கே மருத்துவர்கள் பள்ளிக்கு வந்து, கண்நோயும் சொறியும் பேனும் உள்ள பிள்ளைகளைப் பொறுக்கி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போன பிள்ளைக்கு அங்கே யாரும் சிகிச்சை செய்யவில்லை. அதனால் அவர்கள் பள்ளிக்குத் திரும்பவும் இல்லை. லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரை நான்கு பள்ளிகளுக்குச் சோதனையாக அனுப்பினார்கள். அவர் சிறு நோய்களைப் பள்ளியிலேயே கவனித்தார், மற்றவர்களின் வீடுகளுக்கு நடந்துபோய்த் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்படி விலக்கிவைக்கப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை 1902 செப்டம்பரில் 10,567 ஆக இருந்தது, அடுத்த செப்டம்பரில் 1,101 ஆகக் குறைந்தது. பயத்தினால் எல்லாப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பான முடிவுபோலத் தோன்றும். உண்மையில் அந்தப் பிள்ளை நம் கண்ணை விட்டுப் போகிறது, அவ்வளவுதான். மாலையில் போன் செய்து, என்ன ஆயிற்று என்று கேட்டு, விடையை ரெஜிஸ்டரில் அதே வரிசையில் எழுதினால்தான் உங்கள் முடிவு சரியா தவறா என்பது உங்களுக்கே தெரியவரும். தனியாக இருப்பவருக்கு இன்சார்ஜ் சிஸ்டர் அந்த ரெஜிஸ்டர்தான்.

அந்த ரெஜிஸ்டரில் நேரத்தையும் பீரியடையும் எழுதுகிறீர்களா? என் மாணவி ஒருவர் தன் பள்ளியில் மூன்று மாதக் குறிப்பை எடுத்துப் பார்த்தார். தலைவலி என்று வந்தவர்களில் ஒரு கூட்டம் காலை பத்து மணிக்கு வருகிறது. விசாரித்தால் எல்லாரும் ஆறரை மணி வேனில் ஏறுகிறவர்கள், காலையில் வெறும் பால் குடித்துவிட்டு வருகிறவர்கள். இன்னொரு கூட்டம் பிற்பகலில் வருகிறது. பார்வையைச் சோதிக்கும் எழுத்து அட்டையான ஸ்நெல்லன் அட்டையை 6 மீட்டரில் மாட்டி அவர்களைப் படிக்கவைத்தபோது பாதிப் பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. ஒவ்வொரு தலைவலியையும் தனித்தனியாகப் பார்த்தவரை அது தெரியவில்லை. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் 2013 முதல் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் வந்து பரிசோதிக்கிறார்கள். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளுக்கு அப்படி யாரும் வருவதில்லை, ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான்.

ஆனால் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் உங்களுக்கும் உரியது. ஒரு சனிக்கிழமை அங்கே போய், இந்தப் பள்ளியில் செவிலியராக இருக்கிறேன் என்று மருத்துவ அலுவலரிடமும் சுகாதாரச் செவிலியரிடமும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு பட்டியலோடு போனால், பேச்சு தானாக வளரும். அடுத்த முறை ஒரே வகுப்பில் ஐந்து பேருக்கு மெட்ராஸ் ஐ வரும்போது போன் செய்ய உங்களுக்கு ஒருவர் இருப்பார்.

கடைசியாக ஒன்று. இன்னும் உங்களுக்கு நேராமல் இருக்கலாம், எப்போதாவது நேரும். வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டையை மடிக்க மறுக்கும் பிள்ளையோ, சொல்ல வந்து சொல்லாமல் போகும் பிள்ளையோ வரும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தாலோ, 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது யாராக இருந்தாலும் கடமை. தெரிவிக்காமல் விடுவது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது. பள்ளியின் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும் இது மாறாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ உங்கள் மேசைக் கண்ணாடிக்குக் கீழே எழுதி வையுங்கள். பிள்ளை பேசும்போது, அதன் சொற்களை அப்படியே எழுதுங்கள். நீங்களாகக் கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள்.


பதில் 4
எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

செவிலியரை வகுப்பில் உட்காரவைக்கும் வழக்கம் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி. கால அட்டவணையை நிரப்பும் அவசரத்தில் சிக் ரூமில் சும்மா உட்கார்ந்திருப்பவர் என்றுதான் எங்கள் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாள் எங்கள் செவிலியர் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, ஆஸ்துமா உள்ள ஒரு குழந்தை பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆயா பார்த்துக் கூட்டிவந்ததால் தப்பித்தது. மறுநாளே அந்த வழக்கத்தை நிறுத்தினேன். உங்கள் தலைமையாசிரியரிடம் வாயால் முறையிடாதீர்கள், மகளே. சென்ற மாதம் எந்தெந்த நாளில், எந்த நேரத்தில் அறை பூட்டியிருந்தது, திறந்ததும் எத்தனை பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்தத் தலைமையாசிரியரும் உங்களை மறுபடியும் வகுப்புக்கு அனுப்பத் தயங்குவார்.


மறுமொழி
எழுதியவர்: புதுச்செவிலி

அக்கா, மேடம், அம்மா, எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

தலைமையாசிரியரிடம் தாள் கொடுத்தேன். வகுப்புக்கு அனுப்புவது நின்றுவிட்டது; வரவேற்பறை போன் வேலை இன்னும் நிற்கவில்லை. ரெஜிஸ்டரில் நேரம், பீரியட், மாலை நிலவரம் என்று மூன்று கோடுகள் புதிதாகப் போட்டேன். மாலை போன் செய்யத் தொடங்கியதும் பெற்றோரின் அலுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஏனென்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. மதியம் தலைவலி என்று வந்த ஒன்பது பேரை ஸ்நெல்லன் அட்டைக்கு முன் நிறுத்தினேன். மூன்று பேருக்குக் கரும்பலகை தெரியாமலே ஒரு வருடம் ஓடியிருக்கிறது.

அந்தப் பையனின் அப்பாவுக்குப் போன் செய்தேன். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன், ஆனால் இரண்டு வரிக்கு மேல் சொல்ல முடியவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அன்றைக்குக் காலையில் அவன் இட்லியைத் தொடாமல் எழுந்ததை நானும் பார்த்தேன் சிஸ்டர், டெஸ்ட் என்றுதான் நினைத்தேன் என்றார்.

மருத்துவர் ஸ்டாண்டிங் ஆர்டரில் கையெழுத்திட்டுவிட்டார், ஒன்றைத் தவிர. மூச்சுத்திணறலுக்கு இன்ஹேலரை ஸ்பேசர் (மருந்தை எளிதாக உள்ளிழுக்க உதவும் குழல்) வழியாகக் கொடுப்பதை, பள்ளிக்குப் பொதுவான இன்ஹேலராக வைக்காமல், அந்தந்தப் பிள்ளையின் சொந்த இன்ஹேலரை மட்டும் பயன்படுத்தச் சொல்லி எழுதியிருக்கிறார். எங்கள் பள்ளியில் ஆஸ்துமா உள்ள பதினொரு பேரில் நான்கு பேர்தான் இன்ஹேலர் கொண்டுவருகிறார்கள். மீதி ஏழு பேரின் பெற்றோர் அது பழக்கமாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். அக்கா, உங்கள் விடுதியில் இதை எப்படிச் செய்கிறீர்கள்? பெற்றோர் கூட்டம் வருகிற சனிக்கிழமை இருக்கிறது. அதற்குள் ஒரு வார்த்தை எழுதினால் உதவியாக இருக்கும்.